தையலுக்கு விட்ட இடம்

அடுக்களையில் டம்ளர் விழுந்து உருண்டது. உருண்டு, சுவரில் முட்டி, ஒரு சுற்றுச் சுற்றி அடங்கியது. முன்னறையில் பிரஷ்ஷும் கையுமாக நின்றிருந்த தையல்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"என்னடி அது?"

"ஒண்ணுமில்லீங்க, டம்ளர். மேடைமேலதான் வெச்சேன். மேடை தள்ளிப் போயிடுச்சு."

"ஆமா, அதுக்குக் கால் முளைச்சிருச்சு. நான் வரட்டா?"

"நீங்க வந்தா அடுப்புக்கும் கால் முளைச்சிடும். பேசாம உங்க வேலையப் பாருங்க."

மனைவியின் குரலில் சிரிப்பு இருந்தது. ஆனால் இந்த வாரம் முழுக்கப் பாத்திரங்கள் விழுந்துகொண்டேதான் இருந்தன. அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் உண்மையாகிவிடும் என்கிற பயம்.

அவருக்கு எதிரே, ஒரு காலத்தில் ஊர் உடுத்துவதற்கெல்லாம் துணி வெட்டிய மேஜைமேல், மகளின் முகம் சாய்ந்து நின்றது.

அவருக்கும் ஓவியத்துக்கும் என்ன சம்பந்தம்? தலை நரைக்கும்வரை சாக்குக் கட்டியால் துணியில் கோடு போட்டதோடு சரி. அந்தக் கோடுகூடத் தைத்து முடிந்ததும் தட்டினால் போய்விடும். அப்படிப்பட்ட மனிதரைப் பிரஷ் பிடிக்க வைத்தது விதி அல்லாமல் வேறென்ன?

ஒரே மகள். ஆபீஸுக்குக் கிளம்பியவள், ஏறிய பேருந்து பாலத்தில் கவிழ்ந்து, திரும்பி வரவே இல்லை. கேமராவைக் கண்டாலே ஓடி ஒளிகிறவள் அவள். "என் இடது காது விடைச்சிருக்கு, அதை வேற ஊருக்குக் காட்டணுமா?" என்பாள். ஆகவே மிஞ்சியது அடையாள அட்டையில் ஒட்டியிருந்த, கட்டைவிரல் நகத்தளவுப் படம் ஒன்றுதான். பள்ளிக்கூடத்துக் காலத்துப் படங்கள் பெட்டியில் இருந்தன. ஆனால் தாய் தேடியது அந்தச் சிறுமியை அல்ல. அன்று காலை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு "வரேம்மா" என்று சொல்லிப் போனவளை.

அழுதழுதே தாய்க்குக் கண் கெட்டது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். கண் டாக்டர் சொன்னது வேறு. உள்ளே நரம்பு காய்ந்துகொண்டே வருகிறதாம். ஆபரேஷன் செய்து பயனில்லை. இருக்கிற பார்வையும் சீக்கிரமே போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கண்ணு போறதுக்கு முன்னாடி அவ முகத்தை ஒரு தடவை பெருசாப் பாத்துடணுங்க. இந்தச் சின்னப் படம் எனக்கு வெறும் கறுப்புப் புள்ளியாத் தெரியுது."

ஸ்டுடியோக்காரர் பெரிதாக்கிக் கொடுத்த படத்தில் மகள் பனிமூட்டத்துக்குள் நிற்பவள் போலக் கரைந்து போயிருந்தாள். காசு வாங்கிக்கொண்டு வரைந்து கொடுத்த ஓவியரோ காதைத் திருத்தி, மூக்கை நீட்டி, யாரோ ஒரு நடிகையைக் கொண்டுவந்து நிறுத்தினார். "யாருங்க இந்தப் பொண்ணு?" என்று தாய் கேட்டபோது தையல்காரருக்கு நெஞ்சு அறுந்தது.

"நானே போடுறேன்" என்றார்.

"நீங்களா? ஊசியில நூல் கோக்கவே என்னைக் கூப்பிடுவீங்க!"

மகள் போன நாளிலிருந்து பூட்டியே கிடந்த தையல் கடையைத் திறந்து, சட்டைக் காலருக்குள் வைக்கும் கேன்வாஸ் துணியையும் துணி வெட்டும் மேஜையையும் எடுத்து வந்தார். கஞ்சி போட்டு விறைப்பாக்கிச் சட்டத்தில் அடித்தார். சாயங்கால வகுப்பொன்றில் குழந்தைகளுக்கு நடுவே உட்கார்ந்து வண்ணம் கலக்கக் கற்றுக்கொண்டார். மகளுக்குப் பாவாடையிலிருந்து ஆபீஸ் உடுப்புவரை தைத்தவர் அவர். தோள், கழுத்து, கை என்று அவளுடைய எல்லா அளவும் நாடா இல்லாமலே நாக்கு நுனியில் இருந்தது. முகத்துக்கு மட்டும் அளவெடுத்ததே இல்லை! எந்தத் தகப்பன் எடுத்து வைப்பான்?

முதல் படம் முடிந்ததும் மனைவி அதன்மேல் மூக்கு உரசும்படி குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏங்க, இது முகமா, ஜாக்கெட் துண்டா? சுத்திவர அரை இஞ்சு தையலுக்கு இடம் விட்டிருக்கீங்க!"

காலமெல்லாம் அவருக்காகப் பட்டன் துளைக்குக் காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கொடுத்தவள். அவள் கண்ணுக்கா தப்பும்? அவர் கை செய்த துரோகம் அதுதான். தையல் பிடிக்க இடம் விட்டு, அளவுக் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் தள்ளி வெட்டியே பழகிய கை, முகத்தையும் அப்படியே வெளியே தள்ளிப் போட்டது. கன்னம் உப்பியது, தாடை அகன்றது. ஒட்டி உலர்ந்த மகள், வீங்கிப்போன யாரோவாக வந்து நின்றாள்.

மறுபடி போட்டார். "இன்னும் இடம் இருக்குங்க." மறுபடியும். "தாடையப் பிடிங்க, லூசா இருக்கு." அவளுடைய திட்டுதான் அவருக்கு உயிர். அவள் குறை சொல்கிறவரை அவளுக்குக் கண் தெரிகிறது என்று அர்த்தம்.

இன்றைய படமும் அதே லட்சணம்தான். தாடையில் அரை இஞ்சு தாராளமாக நின்றது. தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம். மகளுக்குப் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்த தோழி. தூரத்து ஊருக்கு மாற்றலாகியிருந்தது, சொல்லிக்கொண்டு போக வந்திருந்தாள். நல்ல வெயில் நேரம். திறந்த கதவு வழியாக அறை முழுக்க வெளிச்சம். போதாததற்குப் படம் போடும் மேஜைக்கு மேலே விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா எங்கேப்பா?"

"இதோ வரேன்டி கண்ணு!" என்று மனைவி வந்தாள். ஒரு கை சுவரைத் தொட்டுத் தொட்டு வந்தது. "நல்ல நேரத்துல வந்தே. இவர் படம் முடிச்சிட்டாராம். வா, ரெண்டு பேருமாத் திட்டலாம்."

மேஜைமுன் நின்று, வழக்கம்போலக் குனிந்தாள். தையல்காரர் திட்டு வாங்கத் தயாராகக் கையைக் கட்டிக்கொண்டார். திட்டு வரவில்லை.

"இவதாங்க" என்றாள் அவள். "அப்படியே இருக்கா."

அவர் கட்டியிருந்த கையைப் பிரித்துக்கொண்டு படத்தருகே நகர்ந்தார்.

"நல்லாப் பாரு. தாடை?"

"தாடை சரியா இருக்கு."

"சுத்திவர இடம்?"

"இடமே விடல. கோட்டுமேலயே வெட்டியிருக்கீங்க. இத்தனை நாள் பட்ட பாடு வீண் போகலீங்க."

தெரிந்துவிட்டது. ஐயோ, அந்த ஒரு பாராட்டைக் கேட்பதற்கா அந்த மனிதர் இத்தனை படம் போட்டார்? மகளை ஒருமுறை பெரிதாகப் பார்த்துவிட வேண்டும் என்று கெஞ்சிய கண்கள், பார்க்காமலேயே அணைந்துவிட்டன. எந்த நாளில், எந்தப் பாத்திரம் விழுந்தபோது என்றுகூட அவருக்குத் தெரியாது. அவர் மனம் நோகக்கூடாது என்று அவள் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறாள்.

"நீ சொல்லும்மா" என்று அவள் தோழி நின்ற பக்கம் திரும்பினாள். திரும்பியதில் ஒரு சாண் பிசகியது. முகம் அலமாரியைப் பார்த்தது. "அவதானே?"

தோழி படத்தைப் பார்த்தாள், தையல்காரரைப் பார்த்தாள். அவர் கண்ணாலேயே கும்பிட்டார்.

"அவதாம்மா" என்றாள் தோழி. "அந்தக் காதுகூட."

"காது! பாத்தீங்களா?" தாயின் விரல் காதைத் தேடிப் போய், ஈரமாயிருந்த கன்னத்தில் பட்டு இழுத்தது. மகளின் முகம் வாயிலிருந்து நெற்றிவரை கலைந்தது. "கொஞ்சம் இருட்டா இருக்குங்க. அந்த லைட்டப் போடுங்க, இன்னொரு தரம் பாத்துக்கறேன்."

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. தையல்காரர் சுவரோரம் போய் சுவிட்சைத் தட்டினார். விளக்கு அணைந்தது. டக் என்ற சத்தம் மட்டும் அவளுக்குப் போதுமாயிருந்தது.

"ம். இப்பத்தான் பளிச்சுன்னு தெரியறா."

தோழி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். "நேரமாச்சும்மா, வரேன்."

"வரேன்னு சொல்லாதடி, அவளும் அதான் சொல்லிட்டுப் போனா" என்றாள் தாய். பிறகு தானே சிரித்தாள். "போடி போ, பத்திரமாப் போ."

வாசலில் தோழி மெல்லிய குரலில் கேட்டாள். "அப்பா, அம்மாவுக்குக் கண்ணு..."

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்கா" என்றார் அவர். "அப்படியே இருக்கட்டும்மா."

"அடுத்த படம் போடுவீங்களாப்பா?"

போட்டால் திட்ட யார் இருக்கிறார்கள்? விரலில் காய்ந்திருந்த வண்ணத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே, அவள் தெருமுனை திரும்பும்வரை நின்றார்.

"போயிட்டாளா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "கதவைச் சாத்துங்க. வெயில் பட்டா படத்துல நம்ம பொண்ணு முகம் வெளிறிடப் போகுது."

அவர் கதவைச் சாத்தினார்.