தெருவைச் சொல்லித் தொடங்கும் பாட்டு

ஓசூர் தொழிற்பேட்டை வாசலில் கிருஷ்ணகிரி பஸ்ஸுக்காக நிற்கிறேன். பகல் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் டீக்கடை ஓரம் வட்டமாக நின்று கை தட்ட, ஒருவர் மாற்றி ஒருவர் ராப் பாடுகிறார்கள். தமிழில் கிளம்பும் வரி தெலுங்கில் திரும்பிக் கன்னடத்தில் முடிகிறது. யார் பாடினாலும் முதலில் தன் தெருப் பெயரைச் சொல்கிறார்.

ஏன் என்று பக்கத்தில் நிற்கும் பெண்ணிடம் கேட்கிறேன். கம்பெனிச் சட்டையில் ஸ்டெல்லா என்று தைத்திருக்கிறது.

"அமெரிக்காவுல கறுப்பு ஜனங்க அப்பிடித்தாங்ண்ணா பாடுனாங்க. எந்தத் தெருவச் சொல்லிக் கேவலமாப் பேசுறாங்களோ, அதையே நாம மொதல்ல சொல்லிடறது. அப்பறம் எத வெச்சு நம்மளக் குத்துவாங்க? நீங்களும் சொல்லுங்க."

"எனக்குப் பாட வராதும்மா."

"பாட வேணாம். தெருவ மட்டும் சொல்லுங்க."

எந்த ஊர் என்று யார் கேட்டாலும் பக்கத்து டவுன் பெயரைச் சொல்லியே பழகியவன் நான். தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். கைத்தட்டல் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

யார் முகமும் மாறவில்லை. தாளமும் தப்பவில்லை. அடுத்துப் பாடுகிறவர் என் தெருப் பெயரையே எடுத்துத் தன் முதல் வரியைக் கட்டுகிறார்.

நன்றியை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நானும் கை தட்டுகிறேன். கிருஷ்ணகிரி பஸ் வந்து, நின்று, போகிறது.