மூன்றரை அடி உயரத்தில் ஒரு கறை

அவளுக்கு 'அங்குலம்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. முதுகுக்குப் பின்னால்தான், முகத்துக்கு நேரே எல்லோருக்கும் அவள் 'மேடம்'. பெயரை வைத்தவர் இருபத்தைந்து வருடமாக அவளோடு வேலை செய்யும் தச்சர். அலமாரிக் கைப்பிடி அரை அங்குலம் இறங்கிவிட்டதென்று ஆறு கதவையும் அவள் கழற்றச் சொன்ன அன்று, "இந்தம்மா மனுஷியா, இஞ்ச் டேப்பா?" என்று அவர் புலம்பியதில் பிறந்த பெயர் அது. அவளுக்கும் தெரியும். தெரியாதவள் மாதிரி இருப்பாள். உள்ளுக்குள் அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வீடுகளை உள்ளே அழகு செய்து கொடுப்பது அவள் தொழில். மற்றவர்கள் வழவழப்பான வெளிநாட்டுப் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருக்க, இவள் தெருவில் பொறுக்குவாள். பையில் ஒரு தடித்த நோட்டு. அதில் ஒட்டியிருப்பது என்ன என்கிறீர்கள்? வெங்காயச் சருகு, பஸ் டிக்கெட், பழைய தபால் கவரின் உள்பக்க நீலம், துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன சட்டைக் காலரில் ஒரு துண்டு. "உங்க ஹால் சுவருக்கு இந்த வெங்காயச் சருகு நிறம்" என்பாள். வீட்டுக்காரர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். அடித்து முடித்த பிறகு அவர்களே அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுவார்கள். ஒரு வாரப் பத்திரிகையில் அவளுக்கென்று ஒரு பக்கம்கூட ஒதுக்கியிருந்தார்கள். அன்றாடச் சாமான்களிலிருந்து வீட்டுக்கு அழகைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

இந்த மூன்று வருடமாக எல்லோரும் பேசியது அவளுடைய இன்னொரு பழக்கத்தைப் பற்றி. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு கையால் சுவரைத் தடவியபடி வீடு முழுக்க நடப்பாள். அப்புறம் வீட்டிலிருக்கும் ஒவ்வொருவரையும் அப்படியே நடக்கச் சொல்வாள். தன் மடக்கு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, யார் கை எங்கே போகிறது, எங்கே தயங்குகிறது என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பாள். அதன் பிறகுதான் பென்சிலையே எடுப்பாள். "இது எங்கேயிருந்து வந்த யோசனை?" என்று பத்திரிகைக்காரப் பெண் கேட்டபோது, "சின்ன வயசுல கண்ணாமூச்சி ஆடினதுல இருந்து" என்று சொல்லிச் சிரித்தாள்.

பச்சைப் பொய். அது ஒரு வீட்டிலிருந்து வந்தது. அந்த வீட்டில் ஒரு கிழவியின் கையிலிருந்து வந்தது.

அந்த வீட்டை அவளிடம் கொடுத்தவள் அந்தக் கிழவியின் மகள், வங்கியில் வேலை பார்ப்பவள். "அப்பாவும் அம்மாவும் வாழ்க்கை பூரா எங்களுக்காகவே ஓடாத் தேஞ்சுட்டாங்க மேடம். கடைசி காலத்துலயாவது அழகான வீட்ல இருக்கட்டும்" என்றாள். அப்பா ஓய்வு பெற்ற தபால்காரர், நெட்டை மனிதர். அம்மா அவர் தோளுக்கும் வரமாட்டாள். நாற்பது வருடத்துக்கு முன்னால் அவரே நின்று கட்டிய வீடு. படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு வர ஒரு குறுகிய நடை; நடை முடியும் இடத்தில் ஒரு படி இறங்க வேண்டும். படிக்கு முன்னால் இடது சுவரில், தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில், விளக்கு ஸ்விட்ச்.

அங்குலத்துக்கு அந்த ஸ்விட்ச் கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்தியது. வீட்டிலுள்ள மற்ற ஸ்விட்செல்லாம் நாலு அடியில் ஒரே கோட்டில் இருக்க, இது மட்டும் குள்ளமாக, அதுவும் நீளமான சுவரில் தன்னந்தனியாக. அந்தச் சுவருக்கென்று அவள் நோட்டிலிருந்து ஒரு நிறம் எடுத்து வைத்திருந்தாள், காலைப் பனிமூட்டத்தில் நனைந்த சிமெண்ட் தூணின் வெளிர் சாம்பல். அதில் ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஸ்விட்சை எதிர்ச் சுவரில் நாலு அடிக்கு ஏற்றச் சொன்னாள். பழைய பெட்டியை மூடிப் பூசி, பெயிண்ட் அடித்தாயிற்று.

ஏன் இது மட்டும் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்கவில்லை. மேசை விளிம்பு கால் அங்குலம் கோணினால் தச்சரின் உயிரை எடுப்பவள், இதைக் கேட்கவில்லை.

வேலை முடிந்து, அதுவரை வெளியே தங்கியிருந்தவர்களிடம் வீட்டை ஒப்படைத்த அன்று சாயங்காலம். மகள் வாசலில், கிழவர் வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா மட்டும் முதலில் உள்ளே வந்து, நடையில் நின்று, சுவரில் கையை வைத்தாள். தடவினாள். வலது பக்கம், இடது பக்கம், கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. உள்ளங்கை சுவரில் உரசும் சத்தம் சரக், சரக் என்று கேட்டது. பின்னால் நின்ற அங்குலம் அதைப் பார்த்தாள். பளிச்சென்று வெளிச்சம் இருக்கும் நடையில், எதிர்ச் சுவரில் கண்ணுக்கு நேரே ஸ்விட்ச் இருக்க, இந்த அம்மா ஏன் வெறும் சுவரைத் தடவுகிறாள் என்று அவளுக்கு ஒரு கணம் சுருக்கென்றது. அந்த அம்மா காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பி, "பழக்கதோஷம்மா" என்று சிரித்தாள். அங்குலம் வாயைத் திறந்தாள். அதற்குள் பத்திரிகையிலிருந்து போட்டோ எடுப்பவர் வந்துவிட்டார். "வெளிச்சம் போறதுக்குள்ள எடுத்துடலாம் மேடம்" என்றார். அவள் அவர் பின்னால் போய்விட்டாள்.

மூன்றாவது வாரம் அந்த அம்மா படியில் விழுந்தாள். இடுப்பெலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். வீடு திரும்பவில்லை. "வயசாயிடுச்சு, கால் தடுக்கிடுச்சு" என்றார்கள் எல்லோரும். துக்கம் விசாரிக்கப் போன அங்குலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு மகள், "மூணு வாரமாவது நல்ல வீட்ல இருந்தாங்களே மேடம், உங்க புண்ணியம்" என்று அழுதாள்.  அங்குலம் வந்து செருப்பைக் கழற்றவும் தோன்றாமல் தன் வீட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அந்தச் சத்தம் அவளை விடவில்லை. தலை வாரும்போது கேட்கும். உப்புத்தாள் போட்டு மரத்தைத் தேய்க்கும் தச்சரின் பக்கத்தில் நின்றால் கேட்கும். புதிதாக அடித்த எந்தச் சுவரைப் பார்த்தாலும் மூன்றரை அடி உயரத்தில் கண் தானாகப் போய் நிற்கும். தன் வீட்டு நடையில் கண்ணை மூடிச் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பவளைக் கணவர் பார்த்துவிட்டு, "யாரைத் தேடற?" என்று கேலியாகக் கேட்டார்.  குற்றவாளிக்கு வந்த பழக்கத்தைத்தான் ஊர் புது யோசனை என்று கொண்டாடிக்கொண்டிருந்தது. யாரிடமாவது கொட்டிவிட வேண்டும் என்று தவித்தாள். யாரிடம் கொட்டுவது? கேட்க வேண்டியவர்கள் அந்த வீட்டில் அல்லவா இருந்தார்கள்.

அப்போதுதான் மகளிடமிருந்து போன் வந்தது.

"மேடம், அந்த நடைச் சுவர்ல ஒரு கறை வருது. ரெண்டு தடவ பெயிண்ட் அடிச்சாச்சு. மறுபடி மறுபடி அதே எடத்துல. ஈரமான்னும் தெரியல. வேலைக்கு வர்ற அக்கா, அம்மாதான் வந்துட்டுப் போறாங்கன்னு சொல்லிட்டு நின்னுடுச்சு. அப்பாவக் கேட்டா வாயே தெறக்க மாட்டேங்கறார். பலகை வச்சு மூடிடலாமான்னு வந்து பாத்துச் சொல்லுங்களேன்."

கறை எங்கே இருக்கிறது என்று அங்குலம் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும்.

மறுநாள் மத்தியானம் போனாள். அம்மா போனபின் அப்பாவோடு வந்து தங்கிவிட்ட மகள், கதவைத் திறந்துவிட்டு வங்கிக்குக் கிளம்பினாள். "அப்பா சாப்பிட்டுட்டுப் படுத்திருக்கார். நான் சாயங்காலம் வந்துடறேன்." நடையில் ஜன்னல் திரை மூடியிருந்தது. வெளிர் சாம்பல் சுவரில், இடது பக்கம், தரையிலிருந்து மூன்றரை அடியில், உள்ளங்கை அகலத்துக்கு மங்கலான பழுப்புக் கறை. எண்ணெய்ப் பசையுள்ள கை திரும்பத் திரும்பப் பட்டால் வரும் கறை. முப்பது வருடமாகச் சுவர் பார்க்கிறவளுக்கு, இது ஈரமில்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. டேப்பைத் தொட அவளுக்குக் கை எழவில்லை. ஹால் மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.  கிழவரோ நெட்டை; அவர் கை பட்டால் கறை இன்னும் மேலே அல்லவா இருக்க வேண்டும்? இந்த வீட்டில் அந்த உயரத்துக்குக் கை வைக்க வேறு யார் இருக்கிறார்கள்? பட்டப் பகலில் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அப்போது சரக் என்று கேட்டது.

கிழவர் நடையில் வந்துகொண்டிருந்தார். கண் இரண்டும் மூடியிருந்தன. முதுகை வளைத்து, முட்டியை மடக்கி, இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். கறை இருக்கும் இடத்தில் கை நின்றது. வலது பக்கம், இடது பக்கம், கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. உதடு மட்டும் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் தேடினார். பிறகு கால் விரலால் படியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்து, அங்கேயே நின்று கண்ணைத் திறந்தார். எதிரே அங்குலம்.

அவர் திடுக்கிடவில்லை. "வந்துட்டியா" என்றார். எதிர்பார்த்தவர் போல.

"ஐயா, என்ன பண்றீங்க?"

"அவ எவ்வளவு நேரம் தேடியிருப்பான்னு பாக்கறேன்மா." படியிலேயே மெல்ல உட்கார்ந்தார். "எனக்கு நூறு எண்ணறதுக்குள்ள பொறுமை போயிடுது. அவ பொறுமைசாலி. இன்னும் கொஞ்ச நேரம் தேடியிருப்பா."

அங்குலம் ஸ்டூலை விட்டு இறங்கி அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அவளுக்குக் கடைசி ஆறு வருஷம் கண்ணு தெரியாது. நெழலாட்டம் ஏதோ தெரியும், அவ்வளவுதான். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. பொண்ணு பாவம், வேலைய விட்டுட்டு வந்து உக்காந்துடுவாளேன்னு. இந்த வீடு பூரா அவ கையில இருந்துது. அந்த ஸ்விட்ச் கையில பட்டா, அடுத்தது படின்னு அவளுக்குக் கணக்கு. அந்த ஸ்விட்ச நான்தான் அவ கைய நீட்டச் சொல்லி, பென்சில்ல குறிச்சு வைக்கச் சொன்னேன், வீடு கட்டும்போது. நீ அத எடுக்கப் போறேன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா..." நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டினார். "தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருப்பேனோ என்னவோ. சத்தியம் பண்ணினவன்."

"ஐயா, நான் பாத்தேன்."

"என்ன பாத்த?"

"அன்னிக்கு வீடு ஒப்படைச்சப்போ. அம்மா இந்தச் சுவரத் தடவினத பாத்தேன். ஏதோ சரியில்லன்னு தோணுச்சு. கேக்கணும்னு வாயெடுத்தேன். போட்டோ எடுக்கறவர் வந்துட்டார். போயிட்டேன்." அவள் விக்கி விக்கி அழுதாள். "படம் எடுக்கறதுக்காகப் போயிட்டேன் ஐயா."

கிழவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "உம்மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. எம்மேல அதவிட ஜாஸ்தி இருக்கு" என்றார்.  பிறகு அவர் குரல் மாறியது. "எந்தக் கையால தடவினா?"

"என்ன ஐயா?"

"நான் வாசல்ல பெட்டி எறக்கிட்டு இருந்தேன். நான் பாக்கல. எந்தக் கை?"

"இடது கை. வலது கையில கண்ணாடி வச்சிருந்தாங்க."

"கையிலதான் வச்சிருப்பா. போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்." அவர் முகத்தில் மூன்று வருடமாகப் பட்டினி கிடந்தவனுக்குச் சோறு கிடைத்த மாதிரி ஒன்று தெரிந்தது. "ஏதாவது சொன்னாளா?"

"பழக்கதோஷம்மான்னாங்க. சிரிச்சாங்க."

"சிரிச்சாளா!" என்றார் கிழவர்.

அங்குலம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கே ஸ்விட்ச பழைய எடத்துல வச்சுடறேன் ஐயா. மூணரை அடிதான். பெட்டி உள்ளேயே இருக்கு."

"வேண்டாம். வச்சா கை உடனே கண்டுபிடிச்சுடும். அப்புறம் நான் எத தேடறது?" அவர் படியிலிருந்து எழுந்தார். "இன்னொண்ணு. என் பொண்ணுகிட்ட மூச்சு விடாத. அம்மாவுக்குன்னு ஆசையா அவ செஞ்சது இந்த வீடு. தெரிஞ்சா செத்துடுவா. என்கிட்ட சொல்லிட்டல்ல, போதும். அவகிட்ட சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு."

மூன்று வருடமாக இறக்கி வைக்க இடம் தேடியவள், அந்த மெலிந்த கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

சாயங்காலம் மகள் வந்தாள். "என்ன மேடம், ஏதாவது புடிபட்டுதா?"

"ஈரம்தாம்மா" என்றாள் அங்குலம். ஒரு சுவரைப் பற்றி வாழ்நாளில் முதல் தடவையாகப் பொய் சொன்னாள். "உள்ள எங்கேயோ பிடிச்சிருக்கு. பெயிண்ட் நிக்காது. பலகை வச்சா மரமும் கெட்டுடும். விட்டுடுங்க."

"அசிங்கமா இருக்குமே மேடம்? நீங்களா இப்படிச் சொல்றீங்க?"

"வாரா வாரம் நான் வந்து பாத்துக்கறேன்."

உள்ளே கட்டிலில் படுத்திருந்த கிழவர் இருமினார்.

அடுத்த வாரம் அதே மத்தியானம் போனாள். மணி அடிக்கும் முன்பே கதவு திறந்தது. கிழவர் தலை வாரி, துவைத்த சட்டை போட்டு நின்றுகொண்டிருந்தார். உள்ளே வாவென்றுகூடச் சொல்லவில்லை.

"எந்தக் கைன்னு சொன்ன?" என்றார்.