மலைக்குப் போட்ட காவல்

வேலூர்ப் பக்கம் ஒரு ஜெயில். அதன் பின்னாலிருந்த மொட்டை மலைக்கு வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு காவற்காரரைப் போட்டிருந்தார்கள். மேலே ஏறினால் ஜெயில் முற்றம் அப்படியே தெரியும். ஆனால் உள்ளே நடப்பது சர்க்கார் ரகசியமாம்.

தோல் பதனிட ஆவாரம்பட்டை வாங்க நான் ஆம்பூரிலிருந்து அந்த மலைக்குப் போவேன். பட்டை உரிக்கும் பெண்கள் ஜெயிலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். வற்றிய உடம்பும் காக்கித் தலைப்பாகையுமாகக் காவற்காரரும் அப்படியேதான் நிற்பார்.

"ஊருக்கே தெரியறத எப்டிய்யா மறைப்பீங்க?" என்றேன்.

"மலைய மூட முடியாதுன்னு தொரைக்கும் தெரியும் சாமி. அதான் கண்ண மூட என்னப் போட்டுக்கிறாரு. எவனாவது பாத்தா என் வேல பூடும்."

ஒரு மத்தியானம், பட்டை உரித்துக்கொண்டிருந்த ஒருத்தி ஓடிவந்து அவர் காலைப் பிடித்தாள். அவள் புருஷன் உள்ளே இருந்தான்.

"ஒடம்பு சரியில்லன்னாங்க. வாசல்ல கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்றாங்க. இப்ப எல்லாரையும் முத்தத்துல உடற நேரம். உசுரோட இருக்காரான்னு மட்டும் பாத்துக்கிறேன்யா."

அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கீழே கைதிகள் வரிசையாக வந்தார்கள், சுற்றி நடந்தார்கள், உள்ளே போனார்கள். கதவு சாத்துகிற சத்தம் மேலே வரை கேட்டது.

"தொறக்கட்டுமாம்மா?" என்றார்.

இன்னும் ஒருவர் வர வேண்டியிருப்பதுபோல அவள் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் மலையிறங்கும்போதும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. வேலைக்குப் பயந்தா, அவள் முகத்துக்குப் பயந்தா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.