தக்காளி நாற்றும் என் சிவப்பு வெளிச்சமும்

இலையை அளப்பதற்கு முன்னால் அதை இருபது நிமிடம் இருட்டில் வைக்க வேண்டும். துணி காயப்போடும் கிளிப் அளவுக்கு ஒரு கறுப்புக் கிளிப்பை மாட்டிவிட்டால் அந்தச் சின்ன வட்டத்துக்குள் வெளிச்சம் போகாது. பிறகு கருவியைப் பொருத்தி ஒரே ஒரு நொடி பலமாக ஒளி பாய்ச்சினால், இலை தன்னால் பயன்படுத்த முடியாத ஒளியில் கொஞ்சத்தைச் சிவப்பாகத் திருப்பிவிடும். நம் கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். அந்த இலை ஒளியை எவ்வளவு ஒழுங்காக உணவாக்கிக்கொள்கிறது என்பதை அதிலிருந்து கணக்கிடலாம். நல்ல இலைக்குப் புள்ளி எட்டை ஒட்டி எண் வரும். இதெல்லாம் சரி. அந்த இருபது நிமிடமும் நான் என்ன செய்வது என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை.

நான் இயற்பியல் பாடம் நடத்துகிறவள். முப்பத்தொன்பது வயது, கல்யாணமாகவில்லை, பொம்மிடியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மாடியில் ஒற்றை அறை. கல்லூரி நேரம் போக மிச்ச நேரத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தேன். உலையில் சுட்டெடுக்கும் ஒரு வெள்ளைப் பொடிதான் என் ஆராய்ச்சி. வெயிலில் செடிக்கு அவ்வளவாக உதவாத புறஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு, செடிக்குப் பிடித்த சிவப்பு ஒளியாக அது திருப்பித் தரும். முதல் தடவை அந்தப் பொடி விளக்குக்கு அடியில் குங்குமமாய்ச் சிவந்தபோது ஆய்வகத்தில் காட்டுவதற்கு ஒரு ஈ காக்கை இல்லை. போனில் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

பொடியைப் பிளாஸ்டிக் ஷீட்டில் பூசி, நாற்றுக்கு மேலே கூரையாகக் கட்டினால் நாற்று தெம்பாக வளருமா என்பதுதான் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம். முதல் நான்கு அத்தியாயங்களும் பொடியைப் பற்றியவை. பொடி சொன்ன பேச்சைக் கேட்கும். செடியை அப்படி அதட்ட முடியாது.

பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு நர்சரியில் இடம் கொடுத்தார்கள். நிழல்வலைக்குக் கீழே ஒரு மூலையில் எட்டுக் குழித்தட்டுகள். குழிக்கு ஒரு தக்காளி நாற்று. நான்கு தட்டுகள் என் ஷீட்டுக்கு அடியில், நான்கு சாதாரண ஷீட்டுக்கு அடியில். அங்கே தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு என்னைவிட நான்கைந்து வயது கூட இருக்கும். அவருடைய வீட்டுக்காரருக்குப் பெங்களூரில் கட்டட வேலை. பண்டிகைக்குப் பண்டிகை வருவார். முதல் நாள் அக்காவிடம் விளக்கினேன். "இது நம்ம தட்டுக்கா. அது சும்மா, பக்கத்துல வெச்சுப் பாக்கறதுக்கு." ஆராய்ச்சியை எளிமையாகச் சொல்லிவிட்டதாக எனக்கு அன்றைக்குப் பெருமை வேறு.

புதன்கிழமையும் சனிக்கிழமையும் போவேன். கிளிப் மாட்டுவேன், உட்கார்ந்திருப்பேன். சித்தேரி மலை தெரியும். வலை காற்றில் அடித்துக்கொள்ளும். வாரத்தில் நான் அவசரமில்லாமல் ஒரு உயிரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அப்போதுதான், அதுவும் தக்காளியின் பக்கத்தில். தனிமை பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒற்றை ஆளுக்கு ரசம் வைத்துப் பார்க்க வேண்டும். எனக்குப் பழகவில்லை.

ஆனால் எண்கள் அழகாக வந்தன. இருபத்தைந்து நாளுக்கு ஒன்றாக மூன்று போகம் வைத்தேன். மூன்றிலும் என் ஷீட்டுக்கு அடியில் ஒரு நாற்றுகூடச் சாகவில்லை, எல்லா இலையும் புள்ளி எட்டைத் தொட்டது. சாதாரணத் தட்டுகளில் அங்கங்கே செத்திருந்தன, சில சோர்ந்திருந்தன. என் ஆய்வு நெறியாளர் போனில் சிரித்தது அந்த ஒரு தடவைதான். "எழுதி முடிச்சிடுங்கம்மா, இனி நீட்டிக்க முடியாது" என்றார். ஏற்கெனவே ஒருமுறை காலநீட்டிப்பு வாங்கியிருந்தேன். அடுத்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்கவில்லை என்றால் ஆறு வருட உழைப்பு பதிவோடு ரத்தாகிவிடும்.

கடைசிப் போகத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு அளவீடு. அந்தச் செவ்வாய்க்கிழமை மழைக்காகக் கல்லூரியை மதியமே விட்டுவிட்டார்கள். அறைக்குப் போய் என்ன செய்யப்போகிறோம் என்று பஸ் ஏறி நர்சரிக்குப் போனேன். அக்கா என் ஷீட்டுக்கு அடியில் குந்தியிருந்தார். ஒரு வாடல் நாற்றை வேரோடு நெம்பி எடுத்து எறிந்தார். பக்கத்தில் இருந்த நர்சரித் தட்டிலிருந்து ஒரு திடமான நாற்றை எடுத்து அந்தக் குழியில் வைத்து, விரலால் அமுக்கினார்.

"என்னக்கா பண்றீங்க?"

"வாங்க டீச்சரு, இன்னிக்கே வந்துட்டீங்களா? குழி அடைக்கிறங்க."

"எதுக்கு?"

"தட்டுல ஓட்டை வுட்டுக் குடுத்தா எடுத்துனு போறவங்க ஏசமாட்டாங்களா? செத்தது, சவலை எல்லாம் எடுத்துட்டு நல்லதா வெச்சுத்தான் எப்பவும் குடுப்பம்."

நான் எதற்குக் கேட்கிறேன் என்பது அவருக்கு விளங்கவே இல்லை. நர்சரியில் இது தலை வாருகிற மாதிரி ஒரு வேலை, யாரும் யாரிடமும் சொல்லிச் செய்வதில்லை. பக்கத்துத் தட்டுகளைக் காட்டி, "அதுல ஏன் அடைக்கல?" என்றேன்.

"அது சும்மா வெச்சதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

மூன்று போகமும் இதே கதை. நான் புள்ளி எட்டு என்று எழுதிக்கொண்டு போனதெல்லாம் என் ஷீட்டுக்கு வெளியே வளர்ந்த நர்சரி நாற்று. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போனது என்றால் குரங்காவது மிஞ்சியிருக்கும். எனக்கு அதுவும் இல்லை. கத்திவிட்டேன். "யாரக் கேட்டுச் செஞ்சீங்க? என் ஆறு வருசம்க்கா!" என்று கத்தினேன். நர்சரியில் தண்ணீர் ஊற்றுகிறவரிடம் கத்தத்தான் எனக்கு வாய் இருந்தது.

அக்கா மண் கையோடு எழுந்து நின்றார். "நீங்க ஒண்டியா வந்து அதுங்களையே பாத்துனு குந்தியிருப்பீங்க. ஒரு குழி காலியா இருந்தாலும் உங்க மூஞ்சி வாடிப் பூடும். அதான் நீங்க வர்றதுக்கு மொத நாளே பாத்து வெச்சுடுவங்க. தப்புங்களா?"

என் முகம் வாடுவதை ஒருவர் கவனித்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. குடையைக்கூட எடுக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

இரண்டு நாள் இதை யாரிடமும் சொல்லவில்லை. பேசாமல் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், அதை மறைப்பதற்கில்லை. இந்த உண்மை தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அதில் ஒருவருக்கு இது ஒரு விஷயம் என்றே தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஆய்வேட்டில் தாராளமாக மறைக்கலாம், அத்தனை பக்கம் இருக்கிறது. அட்டவணையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு விரல் மண்ணை அமுக்குவது தெரிந்தது. என்றாவது ஒரு விவசாயி இதை நம்பி இந்த ஷீட்டை வாங்கிக் கட்டினால், அவருடைய தட்டில் குழி அடைக்க யார் வருவார்கள்?

நெறியாளரிடம் சொன்னேன். அவர், "ஒரு போகத்துக்கு நாள் இருக்கா?" என்று கேட்டார். கணக்குப் போட்டால் சரியாக ஒரு போகத்துக்குத்தான் நாள் இருந்தது. "வைங்க. எது வருதோ அத எழுதுங்க. தேர்வாளர்கள் ஏத்துக்குவாங்களான்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

மறுபடி நர்சரிக்குப் போனபோது அக்காவிடம் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவர், "அட வுடுங்க டீச்சரு" என்று குடையைக் கொண்டுவந்து கொடுத்தார். இந்த முறை முழுசாக விளக்கினேன். இந்த ஷீட்டு நல்லதா கெட்டதா என்று எனக்கே தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறேன், எந்த நாற்றையும் காப்பாற்றக் கூடாது என்றேன். "செத்தா சாகட்டும்னு வுட்டுடணுமா?" என்றார். ஆமாம் என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் இருபத்தைந்து நாளும் கை வைக்கவில்லை.

கடைசி நாள் கிளிப்புகளை மாட்டி, அளந்து, எழுதினேன். என் ஷீட்டுக்கும் சாதாரண ஷீட்டுக்கும் வித்தியாசமே இல்லை. சொல்லப்போனால் என்னுடையதில் ஒரு பிடி குறைவு. பொடிப் பூச்சு வரவேண்டிய வெயிலையும் கொஞ்சம் தடுத்துவிட்டிருக்க வேண்டும். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க ஷீட்டு வேல செய்யலீங்களா?"

"செய்யலக்கா."

"அப்ப இத்தன வருசம்?"

"போச்சுக்கா" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. செத்த நாற்றுகளை இன்னும் எண்ணவில்லை, நோட்டில் எழுத்து நனைந்தது. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஷீட்டுக்கு அடியில் குனிந்தார்.

"நான் பாத்துச் சொல்றன். நீங்க எழுதுங்க டீச்சரு" என்றார்.

முதல் வரிசையில் விரலை வைத்தார். "இருக்குது. இருக்குது. காலி." அங்கே விரல் தானாக மண்ணை அமுக்கப்போனது. கையை இழுத்துக்கொண்டார். "இருக்குது. காலி. காலி." நான் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டேன்.