படகில் ஐந்து பேர்

மண்டபம் என்ற கடலோர ஊரின் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பிள்ளைகளைப் பேசவைக்க அன்று ஒரு சிக்கலைக் கொடுத்தேன். மூழ்கும் படகில் ஐந்து பேர். நால்வரைத்தான் அது தாங்கும். யாரைக் கடலில் தள்ளுவீர்கள்? கிழவரை என்றான் ஒருவன். திருடனை என்றாள் இன்னொருத்தி.

வகுப்பில் வாயே திறக்காத காளீஸ்வரி தானாக எழுந்தாள்.

“யாரையும் தள்ள வேணாம் மிஸ். போன வருசம் எங்க அய்யா அவுகளாவே குதிச்சுட்டாக.”

அவள் தன் அப்பாவைச் சொல்கிறாள் என்பது எனக்கு உறைப்பதற்குள், பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது. “இங்கிலீஷ்ல சொல்லும்மா.”

அவளை உட்காரச் சொல்லியிருக்கலாம். அவள் நான் கேட்டபடியே, ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்துச் சொல்லி முடித்தாள்.

அவள் ஆங்கிலத்தில் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். அதைக் கேட்டு வாங்கியவள் நான்.