முகூர்த்தத்துக்கு ஒரு மாற்று லைன்

எங்க உரக் கம்பெனி செல்வமணி மாதிரி ஒரு ஆளை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. தொண்ணூத்தெட்டுல வண்ணார்பேட்டை ஆபீஸுக்கும் பாபநாசம் கோடவுனுக்கும் கம்ப்யூட்டர் லைன் போட்டதுல இருந்து அவனுக்குப் பாதி வாழ்க்கை பஸ்லதான். பாபநாசத்துல குரங்கு கம்பியில ஊஞ்சலாடும், லைன் போகும். லைன் திரும்பி வந்தாலும் கோடவுன்ல இருக்க ரூட்டர் பெட்டி மட்டும் மரமண்டையா முழிச்சுக்கிட்டுக் கிடக்கும். "வேற யாரும் தொட்டா கை போயிரும்"னு வாட்ச்மேன் பூதத்தானை மிரட்டி வச்சதும் இந்த மகராசன்தான். பிறகு பஸ் ஏறாம என்ன செய்வான்?

அவனுக்கு முக்கூடல்ல கல்யாணம் முடிவாச்சு. முதலாளி தளவாய் அண்ணாச்சி ஒரே போடாப் போட்டாரு. "இங்கன இருந்தே அந்தப் பெட்டியத் தட்டி எழுப்ப வழி செய்யி. அன்னைக்கு லைன் போச்சு, மணவறையில இருந்தே உன்னக் கார்ல ஏத்தி பாபநாசம் அனுப்பிருவேன்லே!" சொன்னா செய்யுத மனுசன்.

வழி இருந்துச்சு. பெட்டியோட ஒரு மோடத்தச் சேத்துட்டா, போன் போட்டு உள்ள நுழைஞ்சிரலாம். எந்தப் போனுங்கதுதான் கேள்வி. கோடவுன் போனும் அதே கம்பத்துலதான் வருது. குரங்கு ரெண்டையும் சேத்துல்லா ஆட்டும்! பய அண்ணாந்து பாத்துக்கிட்டே கம்பம் கம்பமா அலைஞ்சு, கடைசியில கோடவுனுக்குப் பின்பக்கத்து சீதாலக்ஷ்மி மாமி வீட்டுப் போனைப் பிடிச்சான். அதுக்குக் கம்பி வேற தெரு வழியா வருது. மாமியக் கெஞ்சிக் கூத்தாடி, அங்க இருந்து கோடவுனுக்கு ஒரு ஒயர இழுத்தான். பிரதோஷத்தன்னைக்குச் சாயங்காலம் சோதிச்சுப் பாத்தான். ரெண்டாவது மணியில மோடம் எடுத்துச்சு. அதுக்கப்புறம் அவன் நடையே மாறிப்போச்சு.

கல்யாணத்தன்னைக்கு ஆபீஸுக்குக் காவல் நான். விருந்து போச்சேன்னு எரிச்சல்ல இருக்கேன், லைனும் போச்சு. லாரிக்காரன் பில்லுக்கு நிக்கான். கொஞ்ச நேரத்துல லைன் திரும்பி வந்துட்டு, பெட்டிதான் எந்திரிக்கல. மண்டபத்துல இருந்து அண்ணாச்சி போன்ல கேட்டாரு, சொன்னேன். "சீக்கிரம் பாரு வே. காரை எடுக்கச் சொல்லிட்டேன்!"

ஆபீஸ் மோடத்துல மாமி நம்பரைப் போட்டேன். முதல் மணியிலேயே ஸ்பீக்கர்ல சத்தம்: "ஸ்ரீகுமாரா? சாப்டியாடா?" அமெரிக்கால இருக்க பிள்ளை போனுக்குக் காத்துக் கிடக்கவ, ரெண்டாவது மணி அடிக்க விடுவாளா? சோதிச்ச அன்னைக்கு மாமி கோயிலுக்குப் போயிருந்தது அந்த மண்டூகத்துக்கு உறைக்கவே இல்ல! திரும்பப் போட்டேன். திரும்ப மாமி. "என்னடா இது, கீச்கீச்சுங்கறது?"

மோடத்த ஓரங்கட்டிட்டு நானே பேசினேன். "மாமி, பூதத்தான்ட்டச் சொல்லி அந்தப் பெட்டிய அணைச்சுத் திரும்பப் போடச் சொல்லுங்க."

போயிட்டு வந்தா. "கை போயிடும்னு அவன் ஓடறான்டா. நானே அணைச்சுப் போட்டுட்டேன். கை இருக்கு."

என் திரையில பாபநாசம் கணக்கு வந்து நின்னுச்சு. மண்டபத்துக்கு அடிச்சேன். அங்க மேளச் சத்தத்தையே காணோம். "லைன் வந்துட்டு அண்ணாச்சி!"

ரிசீவரக் கையில வச்சுக்கிட்டே அண்ணாச்சி மணவறையப் பாத்துக் கத்தினது எனக்குக் கேட்டுது. "ஏலே, லைன் வந்துட்டு. தாலியக் கட்டு!"

கெட்டிமேளத்த நான் போன்லயே கேட்டேன். பாயாசந்தான் அதுல வரல.