கம்ப்யூட்டர் ஆக்கிய கணக்கு வாத்தியார்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு ஊர் சுற்றிய என்னை, ஹட்டன் பக்கத்து நூலகம் ஒன்றில் புத்தகப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்த்தினார்கள். பெயரும் பிறந்த ஆண்டும் ஒத்துப்போனால், இரண்டு எழுத்தாளர்களை ஒரே ஆளாக்கிவிடும் அந்த மென்பொருள்.

டயகம தேயிலைத் தோட்டத்தில் ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர், தான் எழுதிய ஒரே பாட்டுப் புத்தகத்தைத் தேடி வந்தார். அது, அதே பெயருள்ள யாழ்ப்பாண ஆசிரியர் ஒருவரின் கணக்குப் புத்தகங்களோடு பட்டியலில் கிடந்தது.

"மூணாம் வாய்ப்பாடே எனக்கு வராதுங்க தம்பி. என்னைய எப்ப கணக்கு வாத்தியாரு ஆக்குனீங்க?"

பிறந்த ஆண்டைக் கேட்டேன். சின்ன வயதில் தோட்டத்து வேலைக்குப் பேர் பதிய இரண்டு வயது கூட்டிச் சொன்னாராம். புத்தகத்திலும் அந்த ஆண்டையே போட்டிருந்தார். உண்மையான ஆண்டைப் பதிந்ததும் பாட்டுப் புத்தகம் தனியாக, அவர் பெயரில் வந்தது.

ஆசைதீரப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"தோட்டத்து ஆபீசுக்குச் சொல்லிறாதீங்க. ரெண்டு வருஷ வேலை பாக்கின்னு திரும்பக் கூப்பிட்டுருவாங்க."